மருந்துக்குக் கேட்கிற பூச்சி

அன்புச் சகோதரிக்கு,

காந்தல்லூரிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. மூன்று வருஷத்துக்கு முன் ஒரே தெளிப்பில் சுருண்டு விழுந்த கோஸ் புழு, இப்போது மூன்று மருந்தை ஒரே டேங்கில் கலந்து அடித்தாலும் அசைந்துகொண்டுதான் இருக்கிறது என்கிறீர்கள். கடைக்காரர் ஒவ்வொரு முறையும் வேறு டப்பா தருகிறார், விலைதான் ஏறுகிறது. போன மாதம் மகனுக்குக் காய்ச்சல் வந்தபோது மறையூரில் காட்டிய டாக்டர் ஆன்டிபயாடிக் வேண்டாம் என்றுவிட்டார். கடையிலும் சீட்டு இல்லாமல் தரவில்லை. சின்னாறு தாண்டி உடுமலைக்குப் போன உறவுக்காரர் ஒரு அட்டை வாங்கி வந்து கொடுத்தார். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது, மீதி மாத்திரை அலமாரியில் இருக்கிறது. "உடம்பு மருந்துக்குப் பழகிப்போச்சு, அதான் முன்ன மாதிரி கேக்கல" என்று மாமியார் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள்.

கடைசி வரியில் ஒன்று கேட்டீர்கள்: பூச்சிக்கு மருந்து கேட்காமல் போவதும் கிருமிக்குக் கேட்காமல் போவதும் ஒன்றா, வேறு வேறா?

ஒன்றுதான். இந்தக் கேள்வி வட்டவடையிலும் முதலமடையிலும் கொழிஞ்சாம்பாறையிலும் பல வீடுகளில் இருக்கும் என்பதால் பதிலை எல்லோரும் படிக்கும்படி இங்கேயே எழுதுகிறேன்.

மாமியார் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்வோம். அவர் நினைப்பது போலத்தான் படித்தவர்களில் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் ஆன்டிபயாடிக் விஷயத்தில் நம் உடம்பு பழகுவதில்லை. மாத்திரை உங்கள் மகனின் உடம்பைத் தாக்க வந்ததல்ல, உடம்புக்குள் இருக்கும் பாக்டீரியாவைத் தாக்க வந்தது. கேட்காமல் போவது அந்தப் பாக்டீரியாதான். அதனால்தான் வாழ்நாளில் ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரைகூடப் போடாத ஒருவருக்கும் எந்த மருந்துக்கும் மசியாத கிருமி தொற்ற முடியும். வேறு யாரோ போட்ட மாத்திரையின் பலன் அவர் உடம்பில் வந்து இறங்குகிறது.

இன்னொரு திருத்தமும் தேவை. பூச்சியும் கிருமியும்கூட, ஒரு தனி உயிர் என்ற அளவில், பெரும்பாலும் பழகிக்கொள்வதில்லை. உங்கள் தோட்டத்து இலையைத் திருப்பிப் பாருங்கள். வெளிர்பச்சையில், இரண்டு முனையும் ஒடுங்கி, ஒரு சென்டிமீட்டர் அளவில் ஒரு புழு இருக்கும். விரல் பட்டால் வெடுக்கென்று நெளிந்து பின்வாங்கும், அப்படியே நூல் விட்டு இலையிலிருந்து கீழே தொங்கும். அடிப்பக்கத்தைச் சுரண்டித் தின்றுவிட்டு மேல்தோலை மட்டும் விட்டுவைக்கும். அந்த இடம் வெயிலில் பிடித்துப் பார்த்தால் வெள்ளைச் சன்னலாகத் தெரியும். இதன் அந்துப்பூச்சி சிறகை மடக்கி உட்காரும்போது முதுகில் வரிசையாக வைர வடிவங்கள் தெரிவதால் வைரமுதுகு அந்துப்பூச்சி என்று பெயர். ஒரு தாய் நூற்றைம்பது, இருநூறு முட்டைவரை இடும். சூடான இடங்களில் மூன்று வாரத்துக்குள் ஒரு தலைமுறை முடிந்துவிடும், உங்கள் மலைக்குளிரில் இன்னும் சில நாள் கூடும்.

இப்போது கணக்குக்காக உங்கள் அரை ஏக்கரில் ஒரு லட்சம் புழு இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லாம் பார்வைக்கு ஒன்று, உள்ளே ஒன்றல்ல. ஒவ்வொரு தலைமுறையிலும் மரபணுவை நகல் எடுக்கும்போது சின்னச் சின்னப் பிழைகள் விழுகின்றன. அந்தப் பிழைகளில் பெரும்பாலானவை எதற்கும் உதவாதவை. ஏதோ ஐந்து புழுவிடம் மட்டும், நீங்கள் நாளைக்கு அடிக்கப்போகும் மருந்தைச் செரித்துவிடக்கூடிய நொதி கொஞ்சம் அதிகமாகச் சுரக்கும்படி ஒரு பிழை இருக்கிறது. மருந்து வராதவரை அதனால் அவற்றுக்கு ஒரு லாபமும் இல்லை, சில சமயம் மற்றவற்றைவிடக் கொஞ்சம் மெதுவாகக்கூட வளரும். நீங்கள் மருந்து அடிக்கிறீர்கள். தொண்ணூற்றொன்பதாயிரத்துச் சொச்சமும் செத்து விழுகின்றன. வயல் சுத்தமாகத் தெரிகிறது. மிஞ்சிய ஐந்துக்கு இப்போது தின்ன மொத்த இலையும் இருக்கிறது, போட்டி போட ஆளில்லை, ஜோடி சேர அவற்றுக்குள்ளேயே சேர்ந்தாக வேண்டும். அடுத்த பருவத்தில் வயலில் இருப்பவை அந்த ஐந்தின் பிள்ளைகள். மருந்து ஒரு சல்லடை. புழுவுக்கு அது எதையும் கற்றுக்கொடுக்கவில்லை, சலித்து எடுத்துத்தான் கொடுத்தது.

'மருந்தைப் பார்த்த பிறகு பூச்சி மாறியதா, அதற்கு முன்பே மாறியிருந்ததா என்று எப்படித் தெரியும்?' என்று நீங்கள் கேட்கலாம். விஞ்ஞானிகளும் இதைத்தான் கேட்டுச் சண்டையிட்டார்கள். 1943இல் லூரியா, டெல்ப்ரூக் என்ற இருவர் கணக்குப் போட்டு ஒரு விடை சொன்னார்கள். 1952இல் ஜோஷுவா லெடர்பர்க்கும் அவர் மனைவி எஸ்தரும் கண்ணால் பார்க்கும்படி காட்டினார்கள். தட்டில் பாக்டீரியாவைப் புள்ளி புள்ளியாக வளர்த்தார்கள். ஒரு வட்டக் கட்டையில் வெல்வெட் துணியைப் போர்த்தி அந்தத் தட்டின்மேல் மெல்ல ஒற்றி எடுத்தார்கள். துணியின் நுண் இழைகளில் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கொஞ்சம் பாக்டீரியா அதே இடத்தில் ஒட்டிக்கொண்டது. அதை மருந்து கலந்த புதுத் தட்டுகளில் பதித்தார்கள். எந்தத் தட்டில் பதித்தாலும் ஒன்றிரண்டு புள்ளிகளே பிழைத்தன, பிழைத்தவை எல்லாத் தட்டிலும் ஒரே இடத்தில் இருந்தன. பிறகு மருந்து படாத முதல் தட்டுக்குத் திரும்பி வந்து அதே இடத்தைத் தொட்டு எடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். மருந்தை ஒருநாளும் பார்க்காத அந்தக் கூட்டத்திலிருந்தே மருந்துக்கு மசியாத பாக்டீரியா கிடைத்தது.

எனக்கு இது அறிவியலில் மிக அழகான சோதனைகளில் ஒன்று. ஒரு துண்டு வெல்வெட்டில் அத்தனை பெரிய சந்தேகம் தீர்ந்தது.

இன்னும் பின்னால் போகலாம். கனடாவின் யூக்கான் பகுதியில் முப்பதாயிரம் ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணை ஆராய்ந்து 2011இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பென்சிலின் வகை, டெட்ராசைக்ளின், வான்கோமைசின் ஆகியவற்றை முறியடிக்கும் மரபணுக்கள் அந்த மண்ணிலேயே இருந்தன. மனிதன் மாத்திரை செய்வதற்கு எவ்வளவோ காலம் முன்பு. பூஞ்சையும் பாக்டீரியாவும் மண்ணுக்குள் ஒன்றையொன்று கொல்ல நஞ்சு சுரந்து பழகியவை. நாம் மருந்துக்கடையில் வாங்கும் ஆன்டிபயாடிக்குகளில் பல அவற்றிடமிருந்து எடுத்தவை, முறிமருந்தும் அவற்றிடம் அப்போதே இருந்தது.

சரி, உங்கள் கோஸ் புழுவுக்கு வருவோம். உலகத்தில் பூச்சிமருந்தை வென்ற பூச்சிகளில் இது முன்வரிசை. 1953இல் ஜாவாவின் லெம்பாங் மலைப்பகுதியில் டி.டி.டி.க்கு இது சாகவில்லை என்று பதிவானது. இந்தியாவில் 1968இல் பஞ்சாபின் லூதியானாவில் டி.டி.டி.க்கும் பாரத்தியானுக்கும் கேட்காத புழுவைக் கண்டார்கள். பி.டி. பாக்டீரியாத் தூளை உயிர்மருந்து என்று நம்பி அடிக்கிறோமே, அதற்கும் தோட்டத்தில் முதன்முதலில் கேட்காமல் போன பயிர்ப்பூச்சி இதுதான், 1990இல் ஹவாயில். பிறகு டையமைடு என்ற புதுவகை மருந்து வந்தது. பூச்சியின் தசைக்குள் கால்சியத்தைத் திறந்துவிடும் ஒரு வாசலில் போய் உட்கார்ந்து அதை மூடவிடாமல் திறந்தே வைத்திருக்கும் வேலை அதற்கு. சில ஆண்டுகளுக்குள்ளேயே பிலிப்பைன்ஸிலும் தாய்லாந்திலும் அந்த வாசலில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறிய புழுக்கள் கிடைத்தன. அத்தனை பெரிய புரதத்தில் ஒரு கிளைசின் இருக்க வேண்டிய இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருந்தது, அவ்வளவுதான்.

பூச்சி தப்பும் வழிகள் பல இல்லை. மருந்தைச் செரித்துவிடும் நொதியை அதிகமாகச் சுரக்கலாம். மருந்து போய் ஒட்டும் இடம் கொஞ்சம் உருமாறலாம். தோல் தடித்து மருந்து உள்ளே இறங்குவது குறையலாம். இந்த வழிகள்தான் உங்கள் டப்பா விஷயத்தில் முக்கியம். நீங்கள் கடைசியாக மூன்று பெயர் எழுதியிருந்தீர்கள். ப்ரொஃபெனோஃபாஸ், குளோர்பைரிஃபாஸ், குயினால்ஃபாஸ். மூன்று நிறுவனம், மூன்று நிற டப்பா, மூன்று விலை. மூன்றும் பூச்சியின் நரம்பில் ஒரே நொதியை முடக்குபவை, ஆர்கனோபாஸ்பேட் என்ற ஒரே குடும்பம். ஒன்றுக்குக் கேட்காத புழு மற்ற இரண்டுக்கும் கேட்காமல் போவதற்கே வாய்ப்பு அதிகம். இதில் ப்ரொஃபெனோஃபாஸ் 2011இல் கேரளம் தடைசெய்த பட்டியலில் இருந்த மருந்து. அது சின்னாறு சோதனைச் சாவடி தாண்டி வருகிறது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், லாம்டா சைஹாலோத்ரின் இன்னொரு குடும்பம். குளோரான்ட்ரானிலிப்ரோல், ஃபுளூபெண்டியமைடு மேலே சொன்ன டையமைடு குடும்பம். டப்பாவில் இருக்கும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணத்தைப் பார்த்து வகை மாற்றுகிறோம் என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த நிறம் மனிதனுக்கு எவ்வளவு நஞ்சு என்பதை மட்டும் சொல்கிறது. எந்தக் குடும்பம் என்று தெரிய வேதிப்பெயரைப் படிக்க வேண்டும், அது சின்ன எழுத்தில் இருக்கும்.

மருந்தைக் கலந்து அடிப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரே குடும்பத்தில் இரண்டைக் கலந்தால் செலவு இரட்டிப்பு, பலன் ஒன்று. வேறு வேறு குடும்பங்களைக் கலந்தால் அப்போதைக்குக் கேட்கும், ஆனால் இரண்டு சல்லடையையும் ஒரே நாளில் பயன்படுத்திவிட்டீர்கள், அடுத்த தலைமுறைக்கு மாற்ற ஒன்றும் மிச்சமில்லை. அந்தக் கலவையைக் கையால் கலக்கி, முகமூடி இல்லாமல் முதுகில் சுமந்து தெளிக்கும் உங்கள் வீட்டுக்காரர் உடம்பை நினைத்தால் எனக்குப் பூச்சியைவிட அதுதான் பெரிய கவலையாக இருக்கிறது.

பாலக்காட்டுப் பக்கம் முதலமடை மாந்தோப்புகளில் இதே கதை பெரிய அளவில் நடந்துகொண்டிருக்கிறது. நாட்டிலேயே முந்திச் சந்தைக்கு வரும் மாம்பழம் அங்கிருந்து போகிறது. முந்திப் பூக்க வேண்டும், ஒரு பூங்கொத்துகூட வீணாகக் கூடாது என்பதால் தத்துப்பூச்சிக்கு ஒரு காலத்தில் எண்டோசல்ஃபான் அடித்தார்கள். 2011இல் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. மருந்து மாறியது, அடிக்கும் பழக்கம் மாறவில்லை. அண்மைப் பருவங்களில் இலைப்பேன் பூவையும் பிஞ்சையும் உறிஞ்சி மகசூலை வீழ்த்தியபோது, எத்தனை முறை அடித்தும் அடங்கவில்லை என்று விவசாயிகள் சொன்னார்கள். பூச்சியைத் தின்னும் சிலந்தியும் பொறிவண்டும் குளவியும் முதல் தெளிப்பிலேயே போய்விடுகின்றன. அவை எண்ணிக்கையில் குறைவு, பெருக நாள் பிடிக்கும். எதிரியும் இல்லை, மருந்தும் கேட்கவில்லை என்ற நிலையில் பூச்சிக்கு அந்தத் தோப்பு முழுவதும் சொந்தம்.

இனி நான் சொல்லப்போவதை நம்புவது கடினமாக இருக்கலாம், ஆனால் இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்தது இதைத்தான். மருந்துக்குக் கேட்கிற பூச்சி, எளிதில் சாகிற பூச்சி, அதுதான் உங்கள் தோட்டத்தின் சொத்து. அதைக் காப்பாற்ற வேண்டும்.

குஜராத் பருத்திக்காட்டில் நடந்ததைக் கேளுங்கள். காய்ப்புழுவைக் கொல்லும் நஞ்சு செடிக்குள்ளேயே இருக்கும் பி.டி. பருத்தி 2002இல் இந்தியாவில் அனுமதிக்கப்பட்டது. அனுமதி கொடுத்தபோதே ஒரு நிபந்தனை வைத்தார்கள்: வயலைச் சுற்றி ஐந்து வரிசை, அல்லது மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, சாதாரணப் பருத்தி விதைக்க வேண்டும். புழு தின்னட்டும் என்றே விதைப்பது. அங்கே வளரும் புழுக்கள் நஞ்சுக்குக் கேட்கிறவை. பி.டி. செடியில் தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டு முரட்டுப் புழு அந்துப்பூச்சியாகிப் பறந்து ஜோடி தேடும்போது, சுற்றிலும் ஆயிரக்கணக்கில் இருப்பது இந்தச் சாதாரணப் பூச்சிதான். கலந்து பிறக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் நஞ்சுக்குச் சாகும். முரட்டு மரபணு கரைந்துபோகும். விதைப்பையோடு அந்தச் சாதாரண விதையையும் தனிப் பொட்டலமாகக் கொடுத்தார்கள். ஐந்து வரிசையைப் புழுவுக்கு விட எந்தச் சிறு விவசாயிக்கு மனம் வரும்? பலர் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. 2010இல் குஜராத்தின் சில மாவட்டங்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த நஞ்சுக்குச் சாகவில்லை என்று விதை நிறுவனமே அறிவித்தது. இரண்டு நஞ்சு வைத்த அடுத்த ரகமும் சில ஆண்டுகளில் அதே புழுவிடம் தோற்றது.

விவசாயிகளை நான் குறை சொல்லவில்லை. ஐந்து வரிசையின் நஷ்டம் ஒருவருக்கு, லாபம் ஊருக்கு. அந்த நஷ்டத்தை ஈடுகட்ட யாரும் முன்வராதபோது ஒருவரை மட்டும் தியாகம் செய்யச் சொல்வது நியாயமாகாது.

இதே கணக்கை உங்கள் மகனின் வயிற்றுக்குள் கொண்டுபோங்கள். அவன் குடலில் கோடானுகோடி பாக்டீரியா இருக்கின்றன. பெரும்பாலானவை நல்லவை, மருந்துக்கும் கேட்கிறவை. அவை இடத்தை நிரப்பிக்கொண்டிருப்பதால்தான் மூலையில் கிடக்கும் ஒன்றிரண்டு முரட்டுக் கிருமி தலைதூக்க முடியவில்லை. அவனுக்கு வந்தது வைரஸ் காய்ச்சலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். டாக்டர் பார்த்து அப்படித்தான் முடிவு செய்திருக்க வேண்டும். வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது மாத்திரையால் அல்ல, அது தானாக விடுகிற காய்ச்சல். மாத்திரை செய்தது ஒன்றே ஒன்று, குடலில் இருந்த சாதுவான கூட்டத்தைச் சலித்து முரட்டை மிச்சம் வைத்தது.

பூச்சியைவிடப் பாக்டீரியா இரண்டு விதத்தில் கெட்டி. ஒன்று வேகம். உங்கள் கோஸ் புழுவுக்கு ஒரு தலைமுறைக்கு வாரக்கணக்கு, ஈ. கோலைக்கு வசதியான சூழலில் இருபது நிமிஷம். இரண்டாவது, அது தன் பிள்ளைக்கு மட்டும் சொத்து எழுதிவைப்பதில்லை, பக்கத்தில் இருப்பவனுக்கும் கொடுக்கும். ஜப்பானில் 1950களில் சீதபேதிக் கிருமி ஒரே சமயத்தில் நான்கு மருந்துக்குக் கேட்காமல் போனது. நான்கு பிழையும் ஒரே நேரத்தில் தற்செயலாக விழுந்திருக்க முடியாது. ஆராய்ந்தபோது, மரபணுக்கள் ஒரு சிறு வளையமாகச் சேர்ந்து ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்கு, வேறு இனத்துக்கும்கூட, கைமாறுவது தெரிந்தது. பிளாஸ்மிட் என்பது அந்த வளையம்தான். ஆகையால் மகனின் குடலில் மிச்சமிருக்கும் முரட்டுக் கிருமி அவனுக்கு ஒரு கெடுதலும் செய்யாத வகையாக இருந்தாலும், தன் வளையத்தை நாளைக்கு வந்து தொற்றும் சிறுநீர்த் தொற்றுக் கிருமிக்குக் கொடுத்துவிடலாம்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் பக்கத்துச் சான்றே உண்டு. 2010இல் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் ஓர் ஆய்வு வந்தது. மற்ற எல்லாம் தோற்றபின் ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கையில் எடுக்கும் கார்பபெனெம் வகையையே உடைத்துப்போடும் நொதி இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பிரிட்டனிலும் எப்படிப் பரவியிருக்கிறது என்று அது காட்டியது. அந்த நொதியின் மரபணுவும் பிளாஸ்மிட்டில்தான் பயணம் செய்தது. ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் குமாரசாமி கார்த்திகேயன், சென்னை நோயாளிகளின் மாதிரிகளும் அதில் இருந்தன. நொதிக்குப் புதுதில்லியின் பெயரை வைத்ததைப் பற்றி நாடு பெரிய சண்டை போட்டது. பெயரைப் பற்றிப் பேசியதில் பாதியளவாவது மருந்தைப் பற்றிப் பேசியிருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் ஆதங்கம் உண்டு. 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்குக் கேட்காத பாக்டீரியாவால் நேரடியாக 12.7 லட்சம் பேர் உலகில் இறந்தார்கள் என்று பின்னால் வந்த இன்னொரு லான்செட் ஆய்வு மதிப்பிட்டது.

'ஆரம்பித்த மாத்திரையை முடித்தே தீர வேண்டுமா?' என்றும் கேட்டிருந்தீர்கள். இதற்கு ஒரே பதில் கிடையாது, நோயைப் பொறுத்தது. காசநோய்க்கு முடித்தே தீர வேண்டும், ஒரு நாள்கூட விடக் கூடாது. காரணம் கணக்கில் இருக்கிறது. காசக் கிருமியில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒன்று ஐசோனியாசிடுக்கு இயற்கையாகவே கேட்காது, பத்துக் கோடியில் ஒன்று ரிஃபாம்பிசினுக்குக் கேட்காது. நுரையீரலில் குழி விழுந்த நோயாளியிடம் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். ஒரு மருந்து மட்டும் கொடுத்தால் தப்பும் கிருமி உள்ளே தயாராக இருக்கிறது. ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்துப் பார்த்து 1948இல் பிரிட்டனில் வெளியிட்ட சோதனையில் அதுதான் நடந்தது. நோயாளிகள் முதலில் தேறினார்கள், பிறகு பலரிடம் மருந்து கேட்காமல் போனது. இரண்டு மருந்துக்கும் சேர்ந்து கேட்காத கிருமி நூறு லட்சம் கோடியில் ஒன்றாகத்தான் இருக்க முடியும், அத்தனை கிருமி ஓர் உடம்பில் இராது. கூட்டுமருந்தின் தர்க்கம் இதுவே. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நெரிசலான ஏழை வீடுகளில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் படுத்திருந்தவர்களுக்கு நிகராகக் குணமடைகிறார்கள் என்று காட்டியது. மருந்தைத் தவறாமல் சாப்பிடுவதுதான் முக்கியம், படுக்கை அல்ல. எஸ்டேட் லயங்களில் ஒரே அறையில் ஐந்தாறு பேர் இருக்கும் உங்கள் மலைக்கு அந்தச் சென்னைப் பாடம் இன்றும் பொருந்தும். பாதியில் நிறுத்தியவரிடமிருந்து கேட்காத கிருமி அந்த அறைக்குள் எல்லோருக்கும் போகும்.

மற்ற சாதாரணத் தொற்றுகளில் நிலைமை வேறு. நீண்ட நாள் மாத்திரை போட்டால்தான் எதிர்த்து நிற்கும் கிருமி வராது என்பதற்குச் சான்று போதாது என்று 2017இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் சில மருத்துவர்கள் எழுதினார்கள். பல தொற்றுகளுக்குக் குறைந்த நாளே போதும் என்று இப்போது தெரிகிறது. எத்தனை நாள் என்பதை டாக்டர் சொல்லட்டும், அதைக் கூட்டவும் வேண்டாம், நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம். பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945இல் நோபல் உரையிலேயே ஒரு கற்பனைக் குடும்பத்தைச் சொல்லி எச்சரித்தார். தொண்டைவலிக்குத் தானாக மருந்து வாங்கி அரைகுறையாகச் சாப்பிடுகிறான் கணவன். அவனிடம் முரடாகிப்போன கிருமி மனைவிக்குத் தொற்றுகிறது. அவளுக்கு மருந்து கேட்கவில்லை, அவள் இறந்துபோகிறாள். மருந்து புழக்கத்துக்கு வந்து சில வருஷமே ஆன காலத்தில் சொன்னது.

உங்கள் டாக்டர் மேல் கொஞ்சம் கோபம் தெரிந்தது கடிதத்தில். மருந்துக்குக் கேட்காத கிருமியைக் கட்டுப்படுத்தவென்று கேரளம் 2018இல் தனிச் செயல்திட்டம் கொண்டுவந்தது, இந்திய மாநிலங்களில் அதுவே முதல். 2024 ஜனவரியில் 'ஆபரேஷன் அம்ருத்' என்ற பெயரில் மருந்துக்கடைகளில் சோதனை தொடங்கியது. அதற்குப் பின் ஆன்டிபயாடிக் பயன்பாடு இருபது முதல் முப்பது விழுக்காடு குறைந்ததாக மாநில அரசு சொல்கிறது. மாத்திரை தராத அந்த டாக்டர் உங்கள் மகனுக்கு நல்லதைத்தான் செய்தார். சாவடிக்கு அந்தப் பக்கம் சட்டம் வேறு என்று நினைக்க வேண்டாம். பல ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, சீட்டுக்கு விற்கும்போதும் வாங்கியவர் பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற எச்1 பட்டியல் விதி 2014 முதல் நாடு முழுக்க ஒன்றே. உடுமலைக்கும் அதே விதி. கண்காணிப்பில்தான் வித்தியாசம்.

அலமாரியில் இருக்கும் மீதி மாத்திரையை அடுத்த காய்ச்சலுக்கு வைக்காதீர்கள். ஓடையிலும் போடாதீர்கள். கோழிக்கோட்டில் வீட்டு மிச்சமருந்தைச் சேகரித்து முறையாக எரிக்கும் திட்டம் 2025இல் தொடங்கியிருக்கிறது. உங்கள் பக்கம் வரும்வரை சுகாதார நிலையத்தில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள். உங்கள் ஓடை பாம்பாற்றில் சேர்கிறது. கேரளத்து ஆறுகளில் கிழக்கே ஓடுவது மூன்றே மூன்று, அதில் ஒன்று பாம்பாறு. அது அமராவதி அணைக்குப் போகிறது. மாத்திரை உடுமலையிலிருந்து மேலே ஏறி வந்தது, நீங்கள் கொட்டுவது உடுமலைக்காரர் குடிக்கும் நீருக்கு இறங்கிப் போகும்.

வயலையும் மாத்திரையையும் ஒரே கதை என்று சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கோஸில் கருப்பு அழுகல் வந்தால் கடையில் சிறு பொட்டலமாக ஒரு தூள் தருவார்கள், ஸ்ட்ரெப்டோசைக்ளின். அதில் இருப்பது ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும். மேலே காசநோய்க்குச் சொன்ன அதே ஸ்ட்ரெப்டோமைசின். பயிரில் இவற்றைத் தடைசெய்ய 2021 டிசம்பரில் மத்திய அரசு வரைவு ஆணை வெளியிட்டது. கோழித்தீவனத்தில் கலந்த கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு 2019இலேயே தடை வந்துவிட்டது. அந்தத் தூளை இனி வாங்காதீர்கள். அழுகலுக்கு நல்ல விதை, வெந்நீரில் விதைநேர்த்தி, ஒரே பாத்தியில் தொடர்ந்து கோஸ் போடாமல் பயிர் மாற்றுவது, இவையே பெரும்பகுதி வேலையைச் செய்யும். உங்கள் ஊரில் பூண்டும் பீன்ஸும் நன்றாக வருகின்றனவே.

புழுவுக்குச் செய்ய வேண்டியது: தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் இருபது வரிசை கோஸுக்கு ஒரு வரிசை கடுகு சொல்கிறது. அந்துப்பூச்சிக்குக் கோஸைவிடக் கடுகின்மேல் ஆசை அதிகம், முட்டையை அங்கே கொண்டுபோய் இடும். அடிக்க வேண்டிய மருந்து கடுகு வரிசையோடு நின்றுவிடும், இருபது வரிசையில் சல்லடை போடாமல் விட்டிருப்பீர்கள். மலைப்பகுதிக்கு டயடெக்மா என்ற சிறு குளவியையும் அதே பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. அது புழுவுக்குள் முட்டையிட்டு உள்ளிருந்து கொல்லும், குளிர்ந்த இடங்களில் நன்றாகப் பிழைக்கும். ஆர்கனோபாஸ்பேட் அடித்த தோட்டத்தில் அது பிழைக்காது. வேப்பங்கொட்டைச் சாற்றை முதலில் பயன்படுத்துங்கள். மருந்து அடித்தே ஆக வேண்டுமென்றால் ஒரு பருவத்தில் ஒரு குடும்பம், அடுத்த பருவத்தில் வேறு குடும்பம். ஆனால் நீங்கள் மட்டும் செய்தால் பக்கத்துத் தோட்டத்திலிருந்து முரட்டுப் பூச்சி பறந்து வரும். உங்கள் அஞ்சுநாட்டு ஊர்களுக்கு இன்னமும் ஊர்க்கூட்டம் கூடிப் பேசும் வழக்கம் இருக்கிறது. பெருமலையும் புத்தூரும் கீழாந்தூரும் ஒன்றாகப் பேசி ஒரே பருவத்தில் ஒரே குடும்பம் என்று முடிவு செய்ய முடியுமானால், கேரளத்தின் மற்றப் பஞ்சாயத்துகளுக்கு உங்கள் மலை முன்மாதிரி ஆகும். கிருஷிபவன் அதிகாரியை அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். கடுகு வரிசையால் குறையும் கோஸுக்கு ஈடு உண்டா என்று அவரிடமே கேளுங்கள். அது நியாயமான கேள்வி.

கோஸ் நாற்று நடுவதற்குப் பதினைந்து நாள் முன்பே கடுகை முதல் முறை விதைத்துவிட வேண்டும், நட்டு இருபத்தைந்தாம் நாள் இரண்டாம் விதைப்பு. வீட்டில் இருக்கும் டப்பாக்களின் பின்பக்கத்திலுள்ள வேதிப்பெயரை, சின்ன எழுத்தில் இருப்பதை, அப்படியே பார்த்து எழுதி அனுப்புங்கள். எது எந்தக் குடும்பம் என்று பிரித்து, அடுத்த நடவுக்குள் எழுதி அனுப்புகிறேன். மகனுக்கு மறுபடி காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நீடித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, சோர்ந்து படுத்துக்கொண்டாலோ மறையூருக்கே கூட்டிப்போங்கள்.

அன்புடன்.